உஷார்! தாத்தாவின் பதக்கங்களில் கை வைக்கும் முன்

மலேசியாவில் ஜூலை 31 வீரர்கள் தினம். அடுத்த மாதமே மெர்டேக்கா. இந்த நாள்கள் நெருங்கும்போது பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பல வீடுகளில் பழைய பிஸ்கட் டின்கள் திறக்கப்படும். உள்ளே, மலாயா அவசரகாலத்தில் போலீஸிலோ படையிலோ இருந்த தாத்தாவின் பதக்கங்கள். பேரப்பிள்ளைகள் அவற்றைத் துலக்கி, புது ரிப்பன் போட்டு, வரிசையாகக் கோத்து, சட்டையில் குத்திப் படம் எடுக்கிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் கோக்கும் கை தவறினால், உண்மையாக உழைத்த மனிதரே போலியாகத் தெரிவார்.

அதிகம் தப்பு நடப்பது நீண்ட சேவைப் பதக்கத்தில். பிரிட்டிஷ் ஆட்சி தந்த காலனி போலீஸ் நீண்ட சேவைப் பதக்கத்துக்கு 18 ஆண்டு நற்பணி வேண்டும். 25 ஆண்டு நிறைந்தால் இன்னொரு பதக்கம் தரமாட்டார்கள். அதே ரிப்பனில் ஒரு பட்டை ஏறும். 30 ஆண்டுக்கு மற்றொரு பட்டை. எனவே ஒரே நெஞ்சில் இந்தப் பதக்கம் இரண்டு தொங்கினால், ஒன்று நிச்சயம் வேறு யாருடையதோ. சின்னத் தாத்தாவுடையதாக இருக்கலாம். ஃபிரேம் கடைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அழகு என்று மாட்டிவிடுவார்.

விளிம்பைப் பாருங்கள். பொதுச் சேவைப் பதக்கம் (ஊதா ரிப்பன், நடுவில் பச்சைக் கோடு), 'மலாயா' என்ற பட்டையோடு வரும். 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரையிலான சேவைக்குரியது. அதன் விளிம்பில் எண்ணும் பதவியும் பெயரும் பிரிவும் பொடி எழுத்தில் பதிந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் படிக்கலாம். அந்த எழுத்துதான் உங்கள் தாத்தாவின் சாட்சி. பிராஸோ போட்டுத் தேய்த்தே அதை அழித்துவிடுகிறோம்! பளபளப்பு வரும், பெயர் போய்விடும். போன பெயரை யாராலும் திருப்பித் தர முடியாது. தயவுசெய்து தேய்க்காதீர்கள், மென்மையான துணியால் துடைத்தால் போதும்.

வரிசையும் முக்கியம். இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்கள் முதலில், பிறகு 'மலாயா' பட்டையுள்ள பொதுச் சேவைப் பதக்கம், நீண்ட சேவை கடைசியில். பார்ப்பவருக்கு இடது ஓரம்தான் முதலிடம். பளிச்சென்று இருக்கிறதே என்று நீண்ட சேவையை முன்னால் வைத்தால் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். மலேசிய விருதுகளும் சேர்ந்திருந்தால் ஊகிக்காதீர்கள், முன்னாள் படைவீரர் சங்கத்தில் கேளுங்கள்.

பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. ஜெர்மன் பதக்க வரிசை என்று தைத்து வைத்த தொகுப்புகள் இணையத்திலும் சந்தையிலும் ஆயிரக்கணக்கான ரிங்கிட் விலை சொல்கின்றன. ஜெர்மன் ராணுவம் 1936 மார்ச்சில் 4, 12, 18, 25 ஆண்டு என நான்கு நிலைச் சேவை விருதுகளை ஏற்படுத்தியது. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் அணியக்கூடாது: 12 ஆண்டோடு 4, 18 ஆண்டோடும் 4, 25 ஆண்டோடு 12. நான்கும் ஒரே வரிசையில் தொங்கினால் நிறையக் கேளுங்கள், பணத்தை எடுக்காதீர்கள். விதி தெரியாத எவரோ பிற்காலத்தில் தைத்ததாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

அணிவதிலும் எச்சரிக்கை. இடது நெஞ்சு, பதக்கத்தைச் சொந்தமாகப் பெற்றவருக்கு மட்டும். பேரன் அணிவதென்றால் வலது பக்கம்; பல காமன்வெல்த் நாடுகளின் வழக்கம் இது. சந்தையில் வாங்கியதை இடது பக்கம் குத்திக்கொண்டு, "நானும் அந்தக் காலத்தில்..." என்று மேடையேறுவோர் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். போலி விருதுகளையும் பட்டங்களையும் குறிவைத்தே 2017இல் விருதுகள் தொடர்பான குற்றங்கள் சட்டம் (சட்டம் 787) வந்தது.

கோக்கும் முன் ஒவ்வொரு பதக்கத்தையும் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என்று படம் எடுத்து வையுங்கள். பழைய ரிப்பனைக் குப்பையில் போடாதீர்கள். விளிம்பில் இரண்டு வெவ்வேறு பெயர்கள் இருந்தால் அவற்றை ஒரே கம்பியில் சேர்க்காமல், தனித்தனி உறையில் பெயரெழுதி வையுங்கள்.