கத்தியா, ஊசியா?

மாணவர்களே, சிலிம் ரிவர் தோட்டமொன்றில் பால்மரம் சீவி ஓய்வு பெற்ற ஒரு தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை மருத்துவர்கள் அகற்றிவிட்டனர். ஓராண்டுக்குப் பின் ஸ்கேன் எடுத்தால், கல்லீரலில் இரண்டு சிறு கட்டிகள்!

குடலில் வந்த நோய் கல்லீரலுக்கு எப்படிப் போனது? குடலிலிருந்து புறப்படும் இரத்தம் பெரும்பாலும் முதலில் கல்லீரலுக்குத்தான் செல்கிறது. அதோடு புற்றணுக்களும் பயணம் செய்து அங்கே தங்கிவிடுகின்றன.

இதற்கு நெடுங்காலமாக இருந்துவரும் வழி அறுவைச் சிகிச்சை. கட்டியோடு கல்லீரலின் ஒரு பகுதியையும் வெட்டி எடுப்பார்கள். நலமான கல்லீரல் மீண்டும் வளரும் என்பதால் இது முடிகிறது.

இன்னொரு வழி சூடு. ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி, மெல்லிய ஊசியைத் தோல் வழியாகக் கட்டிக்குள் செலுத்துவார்கள். ஊசி முனையிலிருந்து வரும் நுண்ணலை, உயிரணுக்களில் உள்ள நீர் மூலக்கூறுகளை அதிரச் செய்கிறது. நம் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் இப்படித்தான் உணவைச் சூடாக்குகிறது. வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டினால் அணுக்கள் உடனே மடிகின்றன. ஊசி சரியான இடத்தில் இறங்க வேண்டும். அதற்கு வழிகாட்டச் சென்னை நிறுவனமான பெர்ஃபின்ட் உருவாக்கிய ரோபோவைக் கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழக மருத்துவர்கள் பயன்படுத்திப் பார்த்துள்ளனர்.

எது சிறந்தது? நெதர்லாந்து மருத்துவர்கள் தலைமையில் ‘கொலிஷன்’ என்ற ஆய்வு நடந்தது. பெருங்குடல் புற்றுநோய் பரவி, கல்லீரலில் 3 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிகள் இருந்த ஏறத்தாழ 300 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முடிவு 2025இல் வெளியானது. உயிர்வாழும் காலத்தில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. ஆனால், பாதக விளைவுகள் அறுவைச் சிகிச்சையில் 46 விழுக்காட்டினருக்கும், சூட்டுச் சிகிச்சையில் 19 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன. மருத்துவமனையில் தங்கியது பொதுவாக 4 நாள். சூட்டுக்கு 1 நாள்.

அப்படியானால் கத்திக்கு வேலை இல்லையா? உண்டு. கட்டி பெரிதானால் சூடு அதன் ஓரம்வரை எட்டுவது கடினம். பெரிய இரத்தக் குழாய் அருகில் இருந்தால், ஓடும் இரத்தம் வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். அங்கே கத்தியே கைகொடுக்கும்.

ஆக, கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால்தான் தேர்வு நம் கையில். அதைவிட நல்லது, நோய் குடலைத் தாண்டும் முன்பே பிடிப்பது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு அரசாங்க கிளினிக்குகளில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் எளிய சோதனை உண்டு. இன்று வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: “அந்தச் சோதனையைச் செய்துவிட்டீர்களா?”