தட்டில் ஜெயித்த மூலிகை உடம்பிலும் ஜெயிக்குமா?

"நீர்க்கடுப்பா? எல்லாம் சூடுதான்! நெருஞ்சி முள்ளைக் கஷாயம் வச்சுக் குடி, சரியாப் போயிடும்."

பெரியவர்கள் உள்ள வீடுகளில் இன்றும் கேட்கிற பேச்சு இது. நெருஞ்சில், சிறுபீளை, கீழாநெல்லி என்று பல மூலிகைகளை ஆய்வுக்கூடங்களிலும் சோதித்திருக்கிறார்கள். 'கிருமியைக் கொல்கிறது' என்று செய்தியும் வருகிறது. அப்படியானால் மாத்திரையே வேண்டாமா? அவசரப்படாதீர்கள்! அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. நம் குடலில் சாதுவாக இருக்கும் இது, இடம் மாறிச் சிறுநீர்ப் பாதைக்குள் நுழைந்தால்தான் வம்பு. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். அதனால்தான் அவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

வட்டம் சொல்லும் சேதி

மூலிகையை நிழலில் காயவைத்துப் பொடித்து, தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்துச் சாறு எடுக்கிறார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கிற 'அகார்' கலந்த சத்துக்கூழைத் தட்டில் உறையவைத்து, அதன்மேல் பாக்டீரியாவைப் பரப்புகிறார்கள். மூலிகைச் சாற்றில் நனைத்த சின்னக் காகித வில்லையை நடுவில் வைத்து, ஓர் இரவு உடல் சூட்டில் விடுகிறார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் தெரிந்தால், சாறு வேலை செய்திருக்கிறது!

ஆல்கஹாலே கிருமியைக் கொன்றிருக்கலாம், இல்லையா? அதனால் வெறும் ஆல்கஹாலில் நனைத்த வில்லை ஒன்றும், ஒப்பிட்டுப் பார்க்க ஆன்டிபயாடிக் வில்லை ஒன்றும் கூடவே வைப்பார்கள். இவை இல்லாத சோதனையை நம்பக் கூடாது.

சரி, வட்டம் விழுந்துவிட்டது. போதுமா? போதாது. தட்டில் சாறு நேராகக் கிருமிமேல் படுகிறது. நாம் குடிக்கிற கஷாயமோ குடல், கல்லீரல் எல்லாம் தாண்டி, சிறுநீரில் போதிய அளவு சேரவேண்டும். சேருமா என்று தட்டு சொல்லாது. மனிதர்களிடம் சோதித்தால்தான் தெரியும்.

ஜெர்மனியில் பியர்பெர்ரி என்ற செடியின் இலை மருந்தை, ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டுப் பெண்களிடம் சோதித்தார்கள். முடிவு 2021-ல் வெளியானது. இலை மருந்து சாப்பிட்ட பலருக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படவில்லை, நல்ல சேதிதான். ஆனால், தொற்று சிறுநீரகம் வரை ஏறியவர்கள் அந்தக் குழுவில் 8 பேர். ஆன்டிபயாடிக் குழுவில் 2 பேர்!

நீங்கள் செய்ய வேண்டியது

எரிச்சலோடு குளிர் ஜுரம், விலாவிலோ முதுகிலோ வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் – இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள், ஆண்கள் லேசான எரிச்சலுக்கும் காத்திருக்க வேண்டாம்.

டாக்டர் 'யூரின் கல்ச்சர்' எழுதிக் கொடுத்தால், ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்பே, முதலில் வருவதை விட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்துக் கொடுங்கள். உங்கள் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பல லேப்களில் கண்டுபிடிப்பதும் இதே தட்டு, இதே வில்லை முறையில்தான்!

கஷாயம் குடிக்கிறீர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாட்டி வைத்தியம் எங்கும் போய்விடாது. சிறுநீரகம் கெட்டால் திரும்பக் கிடைக்காது.