ஈஸ்ட் காட்டிய வழி: லூசி வில்ஸ் அம்மையாரும் ஃபோலிக் அமிலமும்

கருவுற்ற பெண் ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டால், நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்று வீதம் 180 நாட்களுக்குச் சிவப்பு மாத்திரைகள் தருகிறார்கள். 'சத்து மாத்திரை' என்று பொதுவாக அதற்குப் பெயர். வாசகர்களே, அதில் என்ன இருக்கிறது என்று எப்போதாவது கேட்டதுண்டா? இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று இரும்பு, 60 மில்லிகிராம். மற்றொன்று ஃபோலிக் அமிலம், 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். சமையல் உப்பில் சில பரல்களை எடுத்து நிறுத்தால் எவ்வளவு எடை இருக்குமோ அவ்வளவுதான்.

இந்த அற்ப அளவுப் பொருள் இல்லாமற் போனதால் ஒரு காலத்தில் எத்தனையோ தாய்மார்கள் பிரசவத்தோடு உயிரிழந்தார்கள். ஏன் இறக்கிறார்கள் என்பதுகூடத் தெரியாதிருந்தது. அந்தப் புதிரின் முதல் முடிச்சை அவிழ்த்தவர் ஒரு பெண் மருத்துவர். அவர் அதை அவிழ்த்தது நம் நாட்டிலேதான். அவர் பெயர் லூசி வில்ஸ்.

பட்டம் தராத பல்கலைக் கழகம்

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் பயின்று 1911இல் தேர்வில் வென்றார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் படிக்கலாம், தேர்வு எழுதலாம்; முழுப் பட்டம் மட்டும் பெறக்கூடாது என்பது அப்பல்கலைக் கழகத்தின் அந்நாளைய விதி. 1948இல்தான் அவ்விதி மாறியது.

முதல் உலகப் போர் தொடங்கியபோது அவர் தென் ஆப்பிரிக்காவில் இருந்தார். கேப் டவுனில் தொண்டராக நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். நாடு திரும்பியதும் 1915இல் லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1920இல் மருத்துவரானார். மருந்துப் பெட்டியும் கையுமாகத் தொழில் நடத்த அவர் விரும்பவில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நோய்க்கூற்று வேதியியல் துறையில் ஆய்வாளராக அமர்ந்தார்.

அவர் பயின்ற கல்லூரிக்கும் நம் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களை மாணவியராகச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையார், பின்னர் லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கினார். அவருடைய முயற்சியால் 1885இல் சென்னையில் எழுந்ததே கோஷா ஆஸ்பத்திரி. ஆண் மருத்துவர் முன் வர இயலாத பெண்களுக்கென்றே ஏற்பட்ட மருத்துவமனை அது. இன்று அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் திருவல்லிக்கேணியில் நடைபெறுகிறது. இந்த மருத்துவமனைக்கு நம் கதையிலும் இடம் உண்டு.

பம்பாயில் ஒரு புதிர்

பம்பாயில் ஏழைத் தாய்மார்கள் பலர் கருவுற்றிருக்கும்போது ஒரு கடுமையான இரத்தச் சோகைக்கு ஆளாயினர். உடல் வெளுக்கும், மூச்சு வாங்கும், பிரசவ வேளையில் நிலைமை மோசமாகும், பலர் பிழைப்பதில்லை. தாய்மார் இறப்பைப் பற்றி விசாரணை நடத்திய மார்கரெட் பால்ஃபர் என்னும் மருத்துவ அம்மையார், இதை ஆராய வருமாறு லூசி வில்ஸை அழைத்தார். 1928இல் அவர் பம்பாய் ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்து சேர்ந்தார்.

நோயாளிகளின் இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வியப்பான ஒரு காட்சி தென்பட்டது. இரும்புச் சத்துக் குறைந்த சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துப் போகும். இங்கோ அவை வழக்கத்தைவிடப் பெரியவையாக இருந்தன. எண்ணிக்கையில் மட்டும் மிகக் குறைவு.

பெரிய அணுக்கள் தோன்றும் வேறொரு சோகையை மருத்துவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். 'கொடுஞ்சோகை' என்று அதைக் கூறலாம். அந்நோயாளிகளின் இரைப்பையில் அமிலம் சுரப்பதில்லை. நிறைய ஈரல் தின்னக் கொடுத்தால் அவர்கள் பிழைக்கிறார்கள் என்று 1926இல் மைனட், மர்ஃபி என்னும் அமெரிக்க மருத்துவர்கள் காட்டியிருந்தனர். பம்பாய்த் தாய்மார்களைத் தாக்கியதும் அதே நோய்தானா?

அல்ல என்று கண்டார் லூசி வில்ஸ். இவர்களுடைய இரைப்பையில் அமிலம் சுரந்தது. மேலும், பண்படுத்தாத ஈரல் சாறு இவர்களைக் குணப்படுத்தியது; கொடுஞ்சோகைக்கெனச் சுத்தம் செய்த ஈரல் சாறோ பயன்படவில்லை. இதற்கு என்ன பொருள்? ஈரலில் ஒன்றல்ல, இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருக்க வேண்டும். சுத்தம் செய்யும்போது அவற்றில் ஒன்று கழிந்து போகிறது. கழிந்து போகும் பொருள்தான் இத்தாய்மார்களுக்கு வேண்டியது!

அடுக்களையில் தேடிய விடை

நோய்க்குக் கிருமி காரணமோ என்று முதலில் பார்த்தார், எதுவும் அகப்படவில்லை. பிறகு அவரும் உடன்பணியாளர்களும் பெண்கள் வாழும் சூழலையும் உண்ணும் உணவையும் குறித்துக் கணக்கெடுத்தனர். நோய் மிகுதியாகக் கண்ட ஏழை முஸ்லிம் பெண்களின் உணவில் காய்கறி, பழம், பால் எல்லாம் மிகவும் குறைவு என்பது தெரிந்தது.

அடுத்து வெள்ளெலிகளுக்கு அதே உணவைக் கொடுத்தனர். 1929இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இவ்வேலை நம் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் நடந்தது. எலிகளுக்கும் சோகை கண்டது. உணவோடு ஈஸ்ட் சேர்த்தால் சோகை தோன்றவில்லை. விடை கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிக்கத் தோன்றும் அல்லவா? ஆனால் ஓர் இடையூறு. எலிகளின் உடலில் இருந்த பேன்கள் வேறொரு கிருமியைப் பரப்பி, அதுவும் சோகையை உண்டாக்கியது தெரிய வந்தது. எது உணவால் வந்தது, எது பேனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. ஆகவே குரங்குகளை வைத்து ஆய்வை மீண்டும் செய்தனர். சத்துக்குறைந்த உணவை உண்ட குரங்குகளுக்கும் பெரிய அணுச் சோகை வந்தது. ஈஸ்ட் சாறு அவற்றையும் தேற்றியது.

அந்த ஈஸ்ட் சாறு என்பது என்ன? மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்தான் ஈஸ்ட். பீர் வடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து, கரிய களிம்பு போன்ற ஓர் உணவுப் பொருளை 'மார்மைட்' என்ற பெயரில் இங்கிலாந்தில் விற்றார்கள். ரொட்டியில் தடவித் தின்பது; விலை மலிவு. ஈரல் சாற்றைப்போல் விலை உயர்ந்ததல்ல. இதைப் பம்பாயிலும், 1931இல் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில நாட்களிலேயே இரத்தத்தில் புதிய இளம் சிவப்பணுக்கள் பெருகின. சாவின் விளிம்பில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவருடைய கட்டுரை வெளியாயிற்று. ஈஸ்டிலும் ஈரலிலும் இருக்கும் அந்தப் பெயர் தெரியாத பொருளை மற்ற ஆய்வாளர்கள் 'வில்ஸ் காரணி' என்று அழைத்தார்கள்.

அணு ஏன் பெருக்கிறது?

இங்கே சற்று நின்று, அந்தப் பொருள் உடலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். லூசி வில்ஸ் காலத்தில் இது தெரியாது. நாம் இன்று அறிவோம்.

நம் சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாட்களே உயிர் வாழும். ஆகவே எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு நொடியும் இருபது இலட்சம் அளவில் புதிய சிவப்பணுக்கள் பிறந்தாக வேண்டும். ஒரு செல் இரண்டாகப் பிரியுமுன், அதன் கருவில் உள்ள டி.என்.ஏ. என்னும் பாரம்பரியப் பொருள் இரட்டிக்க வேண்டும். டி.என்.ஏ.வைக் கட்டும் செங்கற்களில் ஒன்று தைமின். அதை உருவாக்க ஒரு கார்பன் அணுவைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்தக் கார்பனைச் சுமந்து வரும் சித்தாள்தான் ஃபோலிக் அமிலம். சித்தாள் வராவிட்டால் கொத்தனார் சும்மா நிற்க வேண்டியதுதானே?

டி.என்.ஏ. வேலை நின்றுவிட்டாலும் செல்லின் மற்றப் பகுதிகள் வளர்ந்துகொண்டே போகின்றன. உடல் பெருக்கிறது, ஆனால் பிரிய முடியவில்லை. இவ்வாறு பெருத்த செல்களில் பல மஜ்ஜையிலேயே மடிகின்றன. தப்பி வெளிவருபவை சில. அவையும் அளவில் பெரியவை. நுண்ணோக்கியில் தெரிந்த காட்சிக்கு இதுவே விளக்கம்.

இது கருவுற்ற காலத்தில் ஏன் மிகுதி? வயிற்றில் வளரும் குழந்தை முழுவதும் செல் பிரிவினாலேயே உருவாகிறது. தாயின் சேமிப்பிலிருந்து ஃபோலிக் அமிலம் விரைந்து செலவாகிறது. அந்தச் சேமிப்போ சில மாதங்களுக்குமேல் தாங்காது. உணவிலும் வரத்து இல்லையென்றால் கிணறு வற்றிவிடுகிறது.

கீரையிலிருந்து கிடைத்த பெயர்

1941இல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக் கழகத்தில் நான்கு டன் பசலைக் கீரையை அரைத்து வடித்து, அதிலிருந்து ஒரு பொருளைச் செறிவாகப் பிரித்தார்கள். இலத்தீன் மொழியில் இலைக்கு 'ஃபோலியம்' என்று பெயர். ஆகவே அது ஃபோலிக் அமிலம் ஆயிற்று. 1945இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

லூசி வில்ஸ் ஊகித்த இரண்டாவது பொருளும் 1948இல் வெளிப்பட்டது. அதுவே வைட்டமின் பி12. கொடுஞ்சோகையைத் தீர்ப்பது அதுதான். அதன் சிக்கலான அமைப்பை எக்ஸ்-கதிர்களால் கண்டறிந்தவரும் ஒரு பெண்மணியே: டாரதி ஹாட்ஜ்கின். 1964இல் அவர் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு ஏப்ரலில் லூசி வில்ஸ் காலமாகியிருந்தார்.

இன்னொரு விந்தையும் உண்டு. ஃபோலிக் அமிலம் இல்லாமல் செல் பிரியாது என்றால், அதைத் தடுத்துப் புற்றுநோய்ச் செல்களையும் நிறுத்தலாம் அல்லவா? சுப்பாராவின் குழு தயாரித்த எதிர்ப்பொருளைக் கொண்டு, சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948இல் அறிவித்தார். இவ்வகையைச் சேர்ந்த மெதோட்ரெக்சேட் இன்றும் பயன்படும் மருந்து.

1991இல் மற்றுமோர் உண்மை உறுதியாயிற்று. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் பெரும் ஊனம். ஏற்கெனவே இப்படிப்பட்ட குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்கு, அடுத்த முறை கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட இத்தகைய ஊனங்கள் தடுக்கப்பட்டன. நான்கு வாரம் என்பது பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாத காலம். அதனால்தான் குழந்தை வேண்டுமென்று எண்ணும் நாளிலிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் உட்கொள்ளும்படி மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

நாம் செய்யத்தக்கது

ஃபோலிக் அமிலச் சத்து நமக்கு எட்டாத பொருள் அன்று. கீரை வகைகள், பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, ஈரல் ஆகியவற்றில் நிறைய இருக்கிறது. ஆனால் இது நீரில் கரையும். நெடுநேரக் கொதிப்பில் அழியும். கீரையை நறுக்கிய பின் கழுவுவதும், குழைய வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுவதும் சத்தைச் சாக்கடைக்கு அனுப்புவதாகும். முதலில் கழுவி, பிறகு நறுக்கி, சிறிது நீரில் விரைவாக வேகவைத்து, அந்த நீரோடு கடைந்து உண்ணுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பி12 குறைவால் வந்த சோகைக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும். நரம்புகளோ மறைவில் கெட்டுக்கொண்டு போகும். ஆகவே சோகை என்றதும் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கலாகாது. இரத்தத்தைச் சோதித்து மருத்துவர் சொற்படி நடப்பதே சரி.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. இரும்புக் குறைவு இதற்கு முதன்மையான காரணம். ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றின் குறைவும் சேர்ந்துகொள்கிறது. காரணமும் தெரியும், மருந்தும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் வாந்தி வருகிறது, வயிறு கட்டுகிறது, மலம் கறுக்கிறது, குழந்தை கறுத்துவிடும் என்றெல்லாம் சொல்லி எத்தனையோ வீடுகளில் அம்மாத்திரைகள் பெட்டியிலேயே கிடக்கின்றன. மலம் கறுப்பது இரும்பினால், அதில் தீங்கில்லை. குழந்தையின் நிறத்திற்கும் மாத்திரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வயிற்றுத் தொல்லை இருந்தால் செவிலியரிடம் சொல்லி, உணவுக்குப் பின் அல்லது இரவில் உட்கொள்ளும்படி மாற்றிக்கொள்ளலாம்.

கர்ப்பிணிப் பெண் நோயுற்றபோது அவள் என்ன உண்கிறாள் என்று கேட்டவர் லூசி வில்ஸ். அந்தக் கேள்வியை நாமும் நம் வீட்டில் கேட்க வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்ணின் தட்டில் கீரையும் பயறும் மிஞ்சுகின்றனவா? இல்லையென்றால், இன்றே பரிமாறும் வரிசையை மாற்றுங்கள்.