இரண்டு கையெழுத்துக்கு நடுவில் சிக்கும் ஊர்ப்பணம்

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்துக்கு வெளியூர்க்காரர்கள் சொல்லும் அடையாளம் அரசு சிமெண்ட் ஆலை. உள்ளூர்க்காரர்களின் அன்றாடமோ ஊராட்சியின் கையில் இருக்கிறது. குழாயில் தண்ணீர், தெருவிளக்கு, குப்பை, சாக்கடை எல்லாம் அதன் பொறுப்பு. சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசு, தீப்பெட்டிக் கிராமங்களிலும் இதே நிலைதான்.

ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவரும் காசோலையில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். பொதுப்பணத்தில் ஒருவர் மட்டும் கை வைத்துவிடக் கூடாது என்ற நல்ல ஏற்பாடு இது. சிக்கல் தேர்தலில் தொடங்குகிறது.

தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் மக்கள் வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 11-ல் துணைத்தலைவர் தேர்தல் நடந்தது. கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் சாதியும் சொந்தபந்தமும் கோஷ்டியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தலைவர் தேர்தலில் தோற்ற கோஷ்டி துணைத்தலைவர் பதவியைப் பிடித்துவிட்டால், ‘செக் பவர்’ பழிதீர்க்கும் ஆயுதமாகிறது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் தலைவரை முடக்கவும் இந்தக் கையெழுத்தே பயன்பட்டிருக்கிறது. பில் நிற்கிறது, தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரின் சம்பளம் தள்ளிப்போகிறது, பழுதான மோட்டார் அப்படியே கிடக்கிறது. தகராறு முற்றிய இடங்களில் கலெக்டர் அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஒப்படைக்கிறார்.

நகரமும் தப்பவில்லை. நெல்லை மாநகராட்சியில் மேயரும் அவரை எதிர்த்த கவுன்சிலர்களும் ஒரே கட்சி. ஆனாலும் 2024 ஜனவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரை போய், ஜூலையில் மேயர் சரவணன் பதவி விலகினார்.

அதிகாரம் பலர் கையில் பிரிந்தால் செலவு கூடும் என்ற கருத்தும் உண்டு. வளர்ந்த நாடுகளைப் பற்றி 1989-ல் ரூபினி, சாக்ஸ் என்ற பொருளியலாளர்கள் எழுதினார்கள்: பல கட்சிக் கூட்டணி ஆளும்போது பற்றாக்குறை பெருகுகிறது. பங்காளிகள் ஒவ்வொருவரையும் திருப்திப்படுத்தச் செலவு கூடுகிறது. நம் ஊராட்சியிலோ ஒவ்வொரு தரப்பும் மற்றதைத் தடுக்க முடியும். அதனால் செலவே நின்றுவிடுகிறது. அப்படி நின்ற பணத்தைச் சேமிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் செலவைக் குடம் தண்ணீரை விலைகொடுத்து வாங்கும் குடும்பங்கள் சுமக்கின்றன.

2025 ஜனவரி 5-ல் ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. சண்டை ஓய்ந்தது, கூடவே, ஓட்டுப் போட்டவர்கள் வீடுதேடிப் போய்க் கேள்வி கேட்க ஆளும் இல்லாமல் போனது. அதைத் தீர்வு என்று ஏற்க முடியாது.

இரட்டைக் கையெழுத்து இருக்கட்டும். அதற்குக் கெடு வேண்டும். மறுப்பவர் ஒரு வாரத்தில் காரணத்தை எழுதித் தர வேண்டும். அது கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும். குடிநீர், கூலி பில்கள் கெடு தாண்டினால் வட்டார வளர்ச்சி அலுவலர் விடுவிக்க வேண்டும். புதிய தலைவர்கள் பொறுப்பேற்கும்போது இந்த விதியும் நடைமுறைக்கு வர வேண்டும்.