அசுணம்: பெயரும் கதையும் உருவும்

முன்னுரை

சங்கப் பாடல்கள் சுட்டும் விலங்குகள் பலவற்றை இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அடையாளம் காண முடிகிறது. வருடையை வரையாடு என்றும், முசுவைக் கருங்குரங்கு என்றும் கொள்வதற்குப் பாடல்கள் தரும் உருவக் குறிப்புகளும் வாழிடக் குறிப்புகளும் துணைநிற்கின்றன. இவ்வரிசையில் அடங்காது நிற்பது அசுணம். வேட்டுவர் யாழிசைத்து இதனை மயக்கி, பின்னர்ப் பறையறைந்து கொல்வர் என்பது பரவலாக அறியப்பட்ட கதை. இதனை விலங்கு என்பாரும் பறவை என்பாரும் உளர். காட்டில் இதனைத் தேடுவதற்குமுன், நூல்களில் இதன் தடம் எவ்வளவு உள்ளது என்பதை வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் வரும் இடங்கள்

அகநானூறு 88ஆம் பாடலில், யானையின் மதநீரை மொய்க்கும் வண்டுகளின் ஒலியை யாழிசை எனக் கருதி, மலைப்பிளவில் உள்ள அசுணம் செவிசாய்க்கிறது. நற்றிணை 244ஆம் பாடலிலும் அது வண்டின் இனிய குரலையே கேட்கிறது. இவ்விரு பாடல்களிலும் அசுணத்தைக் கொல்வாரும் இல்லை, பறையும் இல்லை. நற்றிணை 304ஆம் பாடல் தலைவனின் மார்பை அசுணம் கொல்பவரின் கைக்கு உவமிக்கிறது. கூடும்போது இன்பமும் பிரியும்போது துன்பமும் தருவது அம்மார்பு. இங்கும் யாழோ பறையோ பெயர் சுட்டப்படவில்லை. ஆயினும், ஒரே கை இன்பமும் துன்பமும் தருவதைக் கேட்போர் முன்பே அறிந்திருந்தால்தான் இவ்வுவமை பொருள்படும்.

இம்மூன்று இடங்களிலும் பெயர் ‘அசுணம்’ என்றே நிற்கிறது. ‘மா’ என்னும் விலங்குப் பொதுப்பெயர் சேர்ந்த ‘அசுணமா’ என்ற வடிவம் நான்மணிக்கடிகையிலும் சீவக சிந்தாமணியிலும் காணப்படுகிறது. பறையொலி கேட்டால் அசுணமா உயிர்வாழாது என்று கூறி, அதனை மானக்குறைவு நேர்ந்தால் வாழாத சான்றோர்க்கு இணையாக வைக்கிறது நான்மணிக்கடிகை.

கதை வரும் இடம்

யாழும் பறையும் ஒருங்கே அமைந்த கதையைக் கலித்தொகை 143ஆம் பாடல் தருகிறது. யாழ் கேட்டு நின்ற உயிரை இரக்கமின்றிப் பறையறைந்து கொன்றது போலத் தலைவன் நீத்தான் என்பது அங்குள்ள உவமை. ஆனால் அவ்வுயிர் அங்கு ‘மான்’ எனப்படுகிறதேயன்றி ‘அசுணம்’ எனப்படவில்லை. பெயர் உள்ள சங்கப் பாடல்களில் கதை முழுமையாக இல்லை. கதை முழுமையாக உள்ள பாடலில் பெயர் இல்லை. இரண்டையும் இணைப்பது பொருத்தமே. எனினும் அது நம் இணைப்பு என்பதை மறத்தலாகாது.

காட்டில் தேடுதல்

மேற்கண்ட பாடற்பகுதிகளுள் எதுவும் அசுணத்தின் நிறம், கொம்பு, குளம்பு, சிறகு, குரல் ஆகியவற்றுள் ஒன்றையும் கூறவில்லை. அதற்குள்ளது செவி மட்டுமே. இக்குறை சிறிதன்று. கொங்கோவின் இத்தூரிக் காட்டு மக்கள் அறிந்திருந்த ஒகாப்பியை அறிவியல் உலகம் 1901இல் ஏற்றது. அதற்கு வழிவகுத்தவை முதலில் கிடைத்த தோல் துண்டுகளும் பின்னர்க் கிடைத்த மண்டையோடுமாகும். வியட்நாமின் வூ குவாங் காட்டுப் பகுதியில் 1992இல் சாவோலா அறியப்பட்டதும், வேட்டைக்காரர் வீடுகளில் இருந்த கொம்புகளால்தான். வாய்மொழி தேடலைத் தூண்டியிருக்கலாம்; முடிவைத் தந்தவை உடற்சான்றுகளே. அசுணத்துக்கு அத்தகைய சான்று எதுவும் இல்லை.

செவிக்கூர்மையை மட்டும் கொண்டு ஏதேனும் ஒரு விலங்கை அசுணம் என நிறுவுவது, சங்கப் புலவரின் இயற்கையறிவுக்குப் பெருமை சேர்ப்பதாகத் தோன்றலாம். உண்மையில், வருடை போன்ற உயிர்களைப் பற்றி அவர்கள் துல்லியமாகக் கண்டு கூறியவற்றின் நம்பகத்தையும் அது ஐயத்துக்கு உள்ளாக்கும்.

முடிவுரை

இப்பாடல்களைச் சான்றாகக் கொண்டு அசுணத்தை எந்த உயிரினத்தோடும் பொருத்த இயலாது. ஆயின், இன்னொலியால் அழைத்து வன்னொலியால் வீழ்த்துதல் என்னும் நம்பிக்கை ஆய்வுக்குரியது. ஒலியால் விலங்கை ஈர்க்கும் வேட்டைமுறைகளை மலைவாழ் மக்களிடம் கேட்டுத் தொகுப்பது அடுத்த கட்டப் பணியாகும். அசுணத்தின் தடத்தைக் காலடிச் சுவட்டிலன்றி வேட்டுவரின் நினைவில் தேடுவதே பொருந்தும்.