வாலைப் பார்த்து ஆளைச் சொல்!

பஸ்ஸில் பர்ஸ் அடித்தவனைப் பற்றிப் பேப்பர்களில் ரொம்ப காலமாக எப்படி எழுதி வந்தார்கள்? 'கூட்டத்தில் புகுந்து ஓடினான். பொதுமக்கள் விரட்டிப் பிடித்தனர்.' சரி. வட்டி ஆசை காட்டி ஊர்ப் பணத்தைச் சுருட்டிய நிதி நிறுவன அதிபரைப் பற்றி? 'தலைமறைவானார்.'

அடித்தது 300 ரூபாய் என்றால் 'ஆன்', 3 கோடி என்றால் 'ஆர்'! பி.காம். படித்தும் எனக்கு இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. (இப்போது சில பேப்பர்களில் பர்ஸ் அடித்தவரும் 'வாலிபர்' ஆகிவிட்டார். வாழ்க!)

இங்கிலீஷில் இந்தத் தொல்லை இல்லை. 'ரேன்' என்றால் திருடனும் ஓடலாம், மந்திரியும் ஓடலாம். நம் வினைச்சொல்லுக்கோ வால் உண்டு. அதைப் பார்த்தாலே ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். 'ஆர்' என்பது ஆதியில் பலரைக் குறிக்கிற விகுதி. அதை ஒருத்தருக்கே கொடுத்து மரியாதை ஆக்கினோம். அப்புறம் பலரைக் காட்ட என்ன செய்வது? 'கள்' ஒட்டி 'வந்தார்கள்' ஆக்கினோம். பேச்சில் அதையும் விட்டு வைக்கவில்லை. 'கலெக்டர் வந்தாங்க', 'மேடம் சொன்னாங்க'... ஒற்றை ஆளுக்கு ஊர்வல மரியாதை! விலைவாசி மாதிரி மரியாதையும் ஏறிக்கொண்டே போகிறது. ஏறாத இடமும் உண்டு. பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவைப் பற்றி வீட்டில் என்ன பேச்சு? 'அது இன்னிக்கு வராது.'

சொற்களை மாற்றுவது சுலபம். 1956-ல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது. ஜில்லா மாவட்டமாயிற்று, காரியதரிசி செயலாளர் ஆனார். 1967-ல் அண்ணா முதலமைச்சரானதும் அரசாங்கக் காகிதங்களில் 'ஸ்ரீ' எழுந்துகொள்ள, 'திரு' வந்து உட்கார்ந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஆபீஸ் தமிழில் ஆளே இல்லாத வால் ஒன்று தழைத்து வளர்ந்திருக்கிறது. அதுதான் 'பட்டது'.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி. முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்று போயிற்று. மனு எழுதிக் கொடுத்தேன். பேர், கணவர் பேர், கதவு எண், வயது, ரேஷன் கார்டு, கடைசியில் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்', அதன் கீழே கைநாட்டு. பாட்டியைப் பற்றித் தெரியாதது அதில் எதுவும் இல்லை. பதில் வந்தது: 'மனு பரிசீலிக்கப்பட்டது. தகுதியில்லை எனக் கண்டறியப்பட்டதால் நிராகரிக்கப்படுகிறது.'

படித்துக் காட்டினேன். பாட்டி கேட்டார் (ஆமாம், 'ஆர்'தான்!):

"யாருப்பா கண்டுபிடிச்சது? வீட்டுக்கு யாரும் வரலியே?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பரிசீலித்தவர், கண்டறிந்தவர், நிராகரித்தவர் எல்லோரும் 'பட்டது'க்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். கீழே கையெழுத்து என்று ஒரு கோழிக் கிறுக்கல்.

செயப்பாட்டு வினை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஆனால் 'இட்லி என்னால் சாப்பிடப்பட்டது' என்று வீட்டில் யாராவது சொல்வார்களா? சொன்னால் நாக்கை நீட்டச் சொல்லி டாக்டரிடம் காட்டுவார்கள்! பேச்சில் 'படு' என்றால் அடிபடு, கஷ்டப்படு, அவதிப்படு. படுகிறவர் யார் என்று பளிச்சென்று தெரியும். ஆபீஸ் காகிதத்திலும் அவர் தெரிகிறார். படுத்துகிறவர்தான் தெரிவதில்லை. 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதிவிட்டால் எடுக்காமல் போனது யார் என்று பிற்பாடு யாரைப் பிடித்துக் கேட்பது?

அதனால் இந்த முறை மனு இல்லை. 2005-ல் வந்த தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மூன்றே கேள்வி: விசாரித்த அலுவலரின் பெயர் என்ன? பதவி என்ன? வீட்டுக்கு வந்த தேதி என்ன? சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். இன்றோடு 19 நாள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் பாட்டி வாசலுக்கு வந்துவிடுகிறார். கவர் வந்தால் பிரித்ததும் நான் முதலில் பார்க்கப் போவது ஒவ்வொரு வரியின் வாலைத்தான்.