செப்புச் சாமானுக்கு இன்னும் வயசாகலை

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்துக் கடைவீதியில் மரச்செப்புகள் குவிந்துவிடும். பேரருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்கள் நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் ஒரு தடவை நிற்பார்கள்; செப்புக் கடையில் இன்னொரு தடவை நிற்பார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக உரல், அம்மி, திருகை, குடம், இட்லிச் சட்டி எல்லாம் விரல் உயரத்தில் இருக்கும். "வீட்ல ஆறு மாசப் பிள்ளை இருக்கு" என்று சொன்னால் கடைக்காரர் ஒரு செப்புப் பெட்டியை எடுத்து நீட்டுவார். அழகான சாமான்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு மூன்று வயதில் கொடுக்க வேண்டியது.

நான் தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்றரை மாதம், இரண்டரை, மூன்றரை, பிறகு ஒன்பது மாதம் என்று ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற வேலை. ஊசி போட்டதும் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வோம். அந்த நேரத்தில்தான் பேச்சு வரும். "சிஸ்டர், பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுக்க?" என்பார்கள். "பிள்ளை இப்ப என்ன செய்யுது, அதைச் சொல்லு தாயி" என்பேன். தலை நின்றுவிட்டதா, கையை வாய்க்குக் கொண்டுபோகிறதா, குப்புற விழுகிறதா, உட்காருகிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் பொம்மை தானே தெரிந்துவிடும். பெட்டியில் அச்சடித்த வயதும் விலையும் அதற்குப் பிறகுதான்.

ஒன்றரை மாத ஊசிக்கு வருகிற பிள்ளைக்குக் கடைப் பொம்மை எதுவும் தேவையில்லை. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது தாயின் முகம் இருக்கிற தூரம் அது. அந்த முகம் மெதுவாக இடப்பக்கம் போனால் கண்ணும் கூடவே போகும். பிள்ளை "ங்கா" என்றால் நீங்களும் "ங்கா" என்று சொல்லிவிட்டு, அதன் பதிலுக்காகச் சற்றுப் பொறுத்திருங்கள். மறுபடியும் அது சொல்லும். அப்பாக்களுக்கு இதுதான் நல்ல வேலை. பீடிக்கட்டோ கடைக்கணக்கோ முடித்து வந்த பிறகு பத்து நிமிஷம் போதும். தொட்டிலுக்கு மேலே எதையாவது கட்டித் தொங்கவிட்டால் வெளிர்நிறம் வேண்டாம். கறுப்பு வெள்ளைக் கட்டம், அழுத்தமான சிவப்பு ஆகியவை கண்ணை இழுக்கும். பிள்ளை எட்டிப் பிடிக்கத் தொடங்கியதும் கயிற்றோடு சேர்த்து அவிழ்த்துவிட வேண்டும், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

மூன்றரை மாத ஊசிக்கு வரும்போது கிலுகிலுப்பைக்கு நேரம் வந்திருக்கும். 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காகத் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் சோப்பு, எண்ணெய், கொசுவலையோடு ஒரு கிலுகிலுப்பையும் இருந்தது. பல வீடுகளில் அது பிரிக்கப்படாமல் பீரோவுக்குள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பிரியுங்கள். முதலில் ஒரு காதுப் பக்கம், பிறகு மறு காதுப் பக்கம், மெல்லிசாக ஆட்டுங்கள். பிள்ளை திரும்பித் தேடும். ஆறு மாதமாகியும் சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லையென்றால் காது கேட்பதைச் சோதிக்க மருத்துவரிடம் காட்ட வேண்டும். "போகப் போகச் சரியாயிரும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும் காத்திருக்கக் கூடாது.

இந்த வயதுக்குக் கைப்பிடி உங்கள் சுண்டுவிரல் பருமனில், எடை குறைவாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் தன் நெற்றியிலேயே அடித்துக்கொள்ளும். முழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போட்டு, முகத்துக்கு நேரே கிலுகிலுப்பையை வையுங்கள். தவழாத பிள்ளைகள் நாளுக்கு மொத்தம் 30 நிமிடமாவது, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, இப்படிக் குப்புறக் கிடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஒரு வயதுக்குள் டிவி, செல்போன் திரையே வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. தூங்க வைக்கும்போது மட்டும் மல்லாக்கத்தான்.

ஆறு மாதத்திலிருந்து எல்லாப் பொருளும் வாய்க்குப் போகும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வாயால்தான் சொரசொரப்பு, வழுவழுப்பு, சூடு, குளிர்ச்சி எல்லாவற்றையும் பிள்ளை படிக்கிறது. அதனால் வாய்க்குப் போகத் தகுந்ததை மட்டும் கீழே வைக்க வேண்டும். எவர்சில்வர் டம்ளர், மரக்கரண்டி, துவைத்த பருத்தித் துணி, விளிம்பு தேய்த்த சிரட்டை போதும். எட்டாம் மாதத்தை ஒட்டி ஒரு பெரிய மாற்றம் வரும். அதுவரை துண்டால் மூடிய டம்ளர் பிள்ளைக்கு இல்லாமல் போன டம்ளர்தான். இப்போது துண்டை விலக்கித் தேடும். கண்ணாமூச்சி அந்த வயதில் சலிக்காமல் ஓடுவது இதனால்தான்.

உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஊட்டிவிட்டு, கடைசியில் நண்டு ஏறி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகிற விளையாட்டை நம் ஆச்சிமார் யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. நண்டு முழங்கையைத் தாண்டும்போதே பிள்ளை தோளைக் குறுக்கிச் சிரிக்கத் தொடங்கும். அடுத்து என்ன நடக்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இதைச் சொல்லிக்கொடுக்கிற பொம்மை எந்தக் கடையிலும் இல்லை.

ஒன்பது மாத ஊசிக்கு வருகிற பிள்ளை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கீழே கிடக்கும் ஒற்றைப் பொரியை எடுத்துவிடும். ஒரு பனையோலைக் கொட்டானில் நாலைந்து பெரிய பொருள்களைப் போட்டுக் கொடுங்கள். ஒவ்வொன்றாக வெளியே எறியும், நீங்கள் திரும்பப் போட வேண்டும். ஓலை நுனி குத்தாமல் மடக்கியிருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள்.

பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு குற்றாலத்து மர நடைவண்டியைத் தாராளமாக வாங்கலாம். அதைப் பிள்ளை தானே நின்று, தானே தள்ள வேண்டும். வாசல்படிக்குக் கதவு சாத்தி, கூடவே ஒரு ஆள் இருந்தால் போதும். உள்ளே உட்கார்த்தி வைக்கிற சக்கர வாக்கர் வேறு சங்கதி. காலும் இடுப்பும் தயாராகும் முன்பே அது பிள்ளையை ஓட வைக்கிறது. நடை சீக்கிரம் வராது, படியில் உருளுவதும் அடுப்பு வரை போவதும்தான் சீக்கிரம் நடக்கும். கனடாவில் 2004-லேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள்.

இனி செப்புக் கடைக்கு வருவோம். இந்தச் செப்புகளுக்குப் பேர்போன ஊர் அம்பாசமுத்திரம். கடைசல் பட்டறையில் சுழலும் கட்டையின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் பழைய முறை. இப்போது பெயிண்ட் அடித்தவையும் கலந்து வருகின்றன. வீட்டு உபயோகப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் தேயுங்கள். நிறம் இறங்கினால் வேண்டாம். வாயில் வைக்கிற பிள்ளைக்குச் சாயம் பூசாத வெறும் மரமே போதும்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே மரச்செப்பில் முத்திரை இல்லையென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை, நம் கையும் கண்ணும்தான் சோதிக்க வேண்டும். அளவு முக்கியம். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மி.மீ. பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. அந்த நாணயத்தைவிடக் கொஞ்சமே பெரிதான எதுவும் தொண்டையை அடைக்கலாம். செப்பு அம்மியின் குழவியும், குடத்தின் மூடியும், கரண்டியும் இந்தக் கணக்கில் சிக்கிவிடும். மினுக்கு விளக்குப் பொம்மைகளில் இருக்கும் பட்டன் பேட்டரி அதைவிட மோசம்; விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மரப் பொம்மையைக் கொதிநீரில் போடாதீர்கள், ஊறவும் விடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். சாரல் மாதங்களில் எங்கள் பக்கம் மரத்தில் எளிதாகப் பூசணம் பிடிக்கும்.

மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்காக மத்திய அரசு 2024-இல் 'நவசேதனா' என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மாதவாரியாக 140 செயல்பாடுகள் அதில் உண்டு. மாதக் கணக்கு நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள், நம் ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் உட்பட, பிள்ளை வளர்வதைப் பத்துப் பருவமாகப் பிரித்தார்கள். ஐந்தாம் மாதத்தை ஒட்டிக் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, ஒன்பதை ஒட்டிக் கைகொட்டுவது சப்பாணி, ஒரு வயதை ஒட்டித் தளர்நடையிட்டு வருவது வருகை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் வரிசையைக் கவனியுங்கள். மணல் வீடும், பறையும், தேரும் கடைசி மூன்று பருவத்தில்தான் வருகின்றன. அதற்கு முந்தைய ஏழிலும் பிள்ளையின் கையில் விளையாட்டுச் சாமான் கிடையாது. தாலாட்டு, கைதட்டல், முத்தம், 'வா' என்ற அழைப்பு, மேலே நிலா. எல்லாம் ஆள் கூட இருந்தால் மட்டுமே நடக்கிற விளையாட்டு.

ஆகவே சீசனுக்கு வருகிற சித்தப்பாமாரும் அத்தைமாரும் வெறுங்கையோடு போக வேண்டாம். கைப்பிள்ளைக்குச் சாயமில்லாத கிலுகிலுப்பை ஒன்று, எழுந்து நிற்கிற பிள்ளைக்கு நடைவண்டி ஒன்று. வீட்டுக்குப் போனதும் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டு அரைமணி நேரம் பேசுங்கள். செப்புச் சாமான் கடையிலேயே இருக்கட்டும். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். மூன்று வயதானதும் நானே அந்தப் பிள்ளையை அவரிடம் அனுப்பிவைக்கிறேன்.